டொல்பின் வேனுக்குள் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்: பியூஸ் பெட்டியிலிருந்து பின் சீட்டு வரை

வருடத்துக்கு ஒரு தடவை நல்லூர்த் திருவிழாவுக்கு ஹட்டனிலிருந்து எங்கள் டொல்பின் வேனில்தான் (பழைய டொயோட்டா ஹையேஸ்) போவோம். அம்மா, மாமி, தங்கச்சி குடும்பம், பிள்ளைகள் மட்டும் ஐந்து பேர். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி வரைக்கும் வெளியே பார்க்க ஏதாவது இருக்கும். கண்டியில் ஏ9 வீதியைப் பிடித்து மாத்தளை, தம்புள்ளை தாண்டிவிட்டால் நேர் ரோடு, வெயில், அப்புறம் பின் சீட்டில் சண்டை. ஆனையிறவு வருவதற்குள் யாராவது ஒருத்தர் அழுதிருப்பார், சில வருடங்களில் அது நான்தான்.

பின் சீட்டுக்காரர்களுக்குப் படம் காட்ட, நெட்டிலிருந்து படம் எடுத்து ஓட்டும் ஸ்டிக்கை வீட்டு டிவியிலிருந்து கழற்றி வேனில் ஒரு திரையில் செருகினால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் இறங்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது, ஒரு பெட்டரி செத்தது. ஸ்டிக்கைச் செருகுவது இந்த வேலையில் ஆக லேசான பகுதி. கரண்டை ஒழுங்காகக் கொடுப்பதும், நம் மலைப் பாதையில் நெட்டை நம்பாமல் படத்தைக் கையோடு கொண்டு போவதும்தான் உண்மையான வேலை. அந்த இரண்டையும் இங்கே விரிவாக எழுதுகிறேன், மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும்.

எதை வாங்குவது

ஃபயர் டிவி ஸ்டிக், ஷாவ்மி டிவி ஸ்டிக், குரோம்காஸ்ட் எல்லாமே அடிப்படையில் ஒரே மாதிரிதான். எச்டிஎம்ஐ துளையில் செருக வேண்டும், 5 வோல்ட் கரண்ட் கொடுக்க வேண்டும், வைஃபை வேண்டும். பழைய குரோம்காஸ்ட் வேண்டாம். அதற்குச் சொந்தமாக ரிமோட்டும் மெனுவும் கிடையாது, போனையும் நெட்டையும் எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கும். ரிமோட்டோடு வருவது, வெளி ஆப் போட விடுவது, யூஎஸ்பி பென்டிரைவ் மாட்ட வழி உள்ளது, இந்த மூன்றும் இருந்தால் போதும். புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஸ்டிக்கை விட யூஎஸ்பி துளை உள்ள சின்ன டிவி பொக்ஸே நல்லது என்பேன். ஸ்டிக்கில் பென்டிரைவ் மாட்ட ஓடிஜி ஒய் கேபிள் ஒன்று தேவைப்படும், அது ஒரு கால் கரண்டுக்கு, ஒரு கால் பென்டிரைவுக்கு. என்னிடம் ஸ்டிக் ஏற்கனவே இருந்ததால் கேபிளோடு சமாளித்தேன்.

திரை வாங்கும்போது எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் சொல்வதை வைத்து வாங்காதீர்கள். வேனில் ஏற்கனவே பழைய திரை இருந்து, அதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளை மட்டும்தான் உண்டு என்றால் எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று நடுவில் வர வேண்டும். அதற்கும் தனியாக 5 வோல்ட் தேவை. இன்னொரு தொல்லை, காசு கட்டிப் பார்க்கும் ஆப்களின் படத்துக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு உண்டு, சில மலிவான பெட்டிகளில் அந்தப் படம் கறுப்பாகவே நிற்கும், சத்தம் மட்டும் வரும். பென்டிரைவில் உள்ள சொந்த வீடியோவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கண்டியிலும் இதெல்லாம் கிடைக்கும். கொழும்புக்குப் போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சுற்று சுற்றினால் நாலு கடையில் விலை கேட்டு வாங்கலாம்.

திரையை எங்கே வைப்பது

வேன்காரர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கூரையில் தொங்கவிடுவதுதான். பார்க்க அழகாக இருக்கும், பின்னால் இருக்கும் மூன்று வரிசைக்கும் தெரியும். ஆனால் விரித்துவிட்டால் டிரைவரின் உள் கண்ணாடி மறைந்து போகும். கினிகத்தேனை இறக்கத்தில் பின்னால் தனியார் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒட்டி வரும்போது அந்தக் கண்ணாடியின் அருமை தெரியும். கூரையில்தான் வேண்டும் என்றால் கண்ணாடிக்குள் பின்பக்கம் முழுதாகத் தெரியும் அளவுக்குச் சின்னதாக, ஒரு ஓரமாக வையுங்கள்.

நான் முன் இடது சீட்டின் தலையணைக் கம்பி இரண்டையும் பிடித்துக்கொள்ளும் பிரக்கெட் வாங்கி 10 அங்குலத் திரை ஒன்றை மாட்டினேன். டிரைவர் கண்ணில் படாது, இரண்டாம் வரிசையில் பிள்ளைகளுக்கு நேராக இருக்கும். மூன்றாம் வரிசையில் இருக்கும் மாமிக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் அவர் எப்படியும் கம்பளைக்குள் தூங்கிவிடுவார். உறிஞ்சி ஒட்டும் ரப்பர், இரட்டைப் பக்க டேப் போன்றவற்றை நம்பி எதையும் ஒட்டாதீர்கள். வளைவில் பிரேக் அடித்தால் அரைக் கிலோத் திரை பறந்து வந்து பிள்ளையின் முகத்தில்தான் விழும். போல்ட் போட்டு இறுக்கியது மட்டும்தான் கணக்கு.

கரண்ட், இங்கேதான் நேரம் போகும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. என் திரை 12 வாட், ஸ்டிக் 5 வாட் என்று வைத்தால் மொத்தம் 17 வாட். 12 வோல்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 1.4 அம்பியர். இதற்கு 3 அம்பியர் பியூஸ் தாராளம். உங்கள் பொருட்களின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வேன், கார் எல்லாம் 12 வோல்ட், பெரும்பாலான ரோசா, கோஸ்டர் பஸ்களும் லொறிகளும் 24 வோல்ட். அதில் 12 வோல்ட் திரையை நேரே கொடுத்தால் ஒரு தடவை பளிச்சென்று எரியும், அவ்வளவுதான்.

ஆக லேசான வழி சிகரெட் லைட்டர் சொக்கெட். போன் சார்ஜர் மாதிரி ஒன்றைச் செருகி, அதிலிருந்து நீள யூஎஸ்பி கேபிள் ஒன்றைப் பின்னால் இழுத்தேன், என் முதல் ஞாயிறு அதிலேயே போனது. ஸ்டிக் ஓன் ஆகும், அடையாளம் காட்டும், மறுபடி அணையும், திரும்ப அடையாளம் காட்டும். ஸ்டிக் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் குற்றவாளி கேபிள். மலிவான மூன்று மீட்டர் கேபிளுக்குள் இருக்கும் வயர் முடி மாதிரி மெல்லிசு. 1 அம்பியர் ஓடும்போது வழியிலேயே 1 வோல்டுக்கு மேல் தொலைந்துவிடும். இங்கே 5 வோல்ட் கொடுத்தால் அங்கே 4 கூட வராது. 12 வோல்டில் 1 வோல்ட் போனால் ஒன்றும் ஆகாது, 5 வோல்டில் 1 வோல்ட் போனால் ஸ்டிக் செத்துப் பிழைக்கும்.

அதனால் தூரத்தை 12 வோல்டாகக் கடந்து, திரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் 5 ஆக்க வேண்டும். 12 வோல்டை 5 வோல்ட் 3 அம்பியராகக் குறைக்கும் கன்வர்ட்டர் தீப்பெட்டி அளவில் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. அதைச் சீட்டின் முதுகுப் பையில் கட்டிவிட்டு, ஒரு சாண் யூஎஸ்பி கேபிளால் ஸ்டிக்குக்குக் கொடுத்தேன். அன்றோடு அந்த நோய் தீர்ந்தது. திரையிலேயே யூஎஸ்பி துளை இருக்கிறதே, அதிலிருந்து ஸ்டிக்குக்குக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். பல திரைகளில் அது அரை அம்பியர்தான் தரும், கரண்ட் போதவில்லை என்று ஸ்டிக்கே முறைப்பாடு சொல்லும்.

சரி, 12 வோல்டை எங்கிருந்து எடுப்பது? இரண்டாவது ஞாயிறு நான் செய்த முட்டாள்தனம், சாவி போட்டாலும் போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும் வயர் ஒன்றில் கொடுத்தேன். கடையில் சாமான் வாங்கும்போதும் பிள்ளைகள் பார்க்கட்டுமே என்ற நல்லெண்ணம். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வேனை நிறுத்தியவர்கள் யாரும் திரையை அணைக்கவில்லை. திங்கட்கிழமை காலை 6 மணிக்குச் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. 36 மணித்தியாலத்தை 1.4 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஐம்பது அம்பியர் மணித்தியாலம் வரும். வயசான 70 அம்பியர் பெட்டரிக்கு அது போதும், அதுவும் டீசல் எஞ்சின், அதுவும் மார்கழிக் குளிரில். மலையில் வீடு இருப்பதில் ஒரு வசதி, எங்கே நிறுத்தினாலும் ஒரு இறக்கம் இருக்கும். தள்ளி ஸ்டார்ட் பண்ணினோம். பெட்டரி அதற்குப் பிறகு தேறவே இல்லை.

ஆகவே சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் மட்டும் உயிர் வரும் பியூஸாகப் பார்த்து எடுக்க வேண்டும். பாட்டுக் கேட்கும் செட்டுக்கு அல்லது சிகரெட் லைட்டருக்குப் போகும் பியூஸ் சாதாரணமாக அப்படித்தான் இருக்கும். மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையை வெறும் இரும்பில் வைத்து, சிவப்பு முனையைப் பியூஸின் தலையில் தெரியும் புள்ளியில் வையுங்கள். சாவி இல்லாதபோது 0, முதல் கட்டத்தில் 12 சொச்சம் காட்டினால் அதுதான் நீங்கள் தேடுவது. ஹெட்லைட், பனிமூட்ட லைட், வைப்பர், ஹோர்ன், பிரேக் லைட், ஏபிஎஸ், எயார்பேக், எஞ்சின் கம்ப்யூட்டர், இவற்றின் பியூஸ்களைத் தொடவே வேண்டாம். நானுஓயாப் பக்கம் பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் கார்ட்டூனுக்காக லைட் அணைந்து போவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

வேலை செய்யும்போது பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். செட்டின் நேரமும் ஸ்டேஷன்களும் அழிந்து போகலாம், சில செட்டுகள் திரும்ப ஓன் செய்யும்போது இரகசிய இலக்கம் கேட்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். பியூஸ் இருந்த இடத்தில் செருகும் கிளை பியூஸ் தாங்கி ஒன்று விற்கிறார்கள். பழைய பியூஸ் ஒரு துளையில், உங்கள் புதிய 3 அம்பியர் பியூஸ் மற்றத் துளையில், பக்கத்தில் ஒரு வயர் நீட்டிக்கொண்டிருக்கும். பியூஸ்களில் பெரிசு, சின்னது, குட்டை என்று பல சைஸ் உண்டு. பழையதைக் கையில் கொண்டு போய்க் கடையில் ஒப்பிட்டு வாங்குங்கள். இருக்கும் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றும் வேலையை எந்த வயரிங் பாஸ் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் ரோட்டுக் குலுக்கலில் அந்த முறுக்கு ஆறு மாதம் தாங்காது.

மைனஸுக்கு, வேனின் உடம்பில் நன்றாக இறுகியிருக்கும் போல்ட் ஒன்றைப் பிடித்து, அதன் அடியில் உள்ள பெயின்டைச் சுரண்டி, வளையத் தலை போட்டு இறுக்குங்கள். சுரண்டிய இடத்தில் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள், இந்த ஈரத்தில் துரு பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

வயர் இழுப்பதில் டொல்பின்காரர்களுக்கு மட்டும் ஒரு விசேஷ எச்சரிக்கை. நம் வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் மெக்கானிக் முதலில் சீட்டைத்தான் தூக்குவார். திரை அதே சீட்டில் இருப்பதால் வயர் நீளம் பத்தாவிட்டால் தூக்கும்போது பிய்ந்துவிடும். அதனால் கதவோரப் படியின் பிளாஸ்டிக்குக்குக் கீழே வயரைக் கொண்டு வந்து, சீட்டுக்குப் பின்னால் கழற்றிப் பூட்டும் கனெக்டர் ஒன்று போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் தளர்வு விட்டேன். எஞ்சின் மூடியைத் தொட்டுக்கொண்டு வயர் போகக் கூடாது, கண்டி ஏறி முடியும்போது அந்த இடம் ரொட்டிக் கல்லுதான். வயரைக் கறுப்பு நெளிக்குழாய்க்குள் விட்டு, ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். புதிய வாகனங்களில் கண்ணாடியோரத் தூணின் மூடிக்குள் எயார்பேக் மடித்து வைத்திருப்பார்கள், மூடியில் அந்தப் பெயர் அச்சடித்திருந்தால் அந்த வழியாக வயர் விடாதீர்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, ஸ்டிக்கைச் செருகுவதற்கு முன்னால், கன்வர்ட்டரின் வாயில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 5.0 முதல் 5.2 வரை என்றால் செருகலாம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மறுபடி பாருங்கள், வேனின் வோல்ட் 14க்கு ஏறினாலும் இது அசையக் கூடாது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் வீட்டுச் சின்ன டிவியை வேனில் மாட்டுகிறவர்களும் இதே காரணத்தால் பெட்டரியிலிருந்து நேரே கொடுக்காமல், 12 வோல்டை நிலையாக வைக்கும் கன்வர்ட்டர் ஒன்றை நடுவில் போட வேண்டும்.

ஸ்டிக்கைத் திரையின் பின்னால் நேரே தொங்கவிடாதீர்கள், குலுக்கலில் எச்டிஎம்ஐ துளை ஆடிப்போகும். கூட வரும் குட்டை நீட்டிப்புக் கேபிளைப் போட்டு, ஸ்டிக்கைப் பிரக்கெட்டில் வெல்க்ரோவால் ஒட்டினால் இரவில் கழற்றவும் லேசு.

சத்தம்

திரையின் சொந்த ஸ்பீக்கர் டீசல் எஞ்சினுக்கு முன்னால் எடுபடாது. திரையின் ஹெட்போன் துளையிலிருந்து செட்டின் ஆக்ஸுக்கு ஒரு வயர் விட்டால் போதும். அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறும் ஒரு ‘ஙொய்’ சத்தம் வந்தால், கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்கி அந்த வயரின் நடுவில் போடுங்கள், போய்விடும். செட்டில் புளூடூத் இருந்தால் ஸ்டிக்கை அதோடு சேர்க்கலாம், சில நேரம் உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கமாக இருக்கும். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் மலையில் சரிவராது. ஒரு மலை தாண்டினால் காலியாக இருந்த அலைவரிசையில் ஒரு வானொலி வந்து உட்கார்ந்திருக்கும்.

நெட்டும் பென்டிரைவும்

ஸ்டிக்கை வீட்டிலேயே வைஃபையில் போட்டு அப்டேட், லொகின் எல்லாம் முடித்துவிடுங்கள், ரோட்டில் வைத்துப் பாஸ்வேர்டை ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது நரகம். போன் ஹொட்ஸ்பொட்டை 2.4 கிகாஹேர்ட்ஸில் வையுங்கள், எல்லா ஸ்டிக்கும் பிடிக்கும். ஒரு தந்திரம்: உங்கள் போனிலும் மனைவியின் போனிலும் ஹொட்ஸ்பொட்டுக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வையுங்கள். இரண்டும் வேறு வேறு கம்பனி சிம் என்றால், ஒன்று விழும் இடத்தில் அதை அணைத்து மற்றதைப் போட்டால் ஸ்டிக் ஒன்றும் கேட்காமல் சேர்ந்துகொள்ளும்.

டேட்டா எவ்வளவு போகும்? நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் நடுத்தரத் தெளிவு மணிக்கு 0.7 ஜிபி, எச்டி என்றால் 3 ஜிபி வரை. 10 அங்குலத் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஆள் இல்லை. ஃபயர் டிவியின் செட்டிங்ஸில் டேட்டா கண்காணிப்பு என்று ஒன்று உண்டு, அதில் தெளிவைக் குறைத்து வையுங்கள்.

இருந்தாலும் நம் பக்கம் ஒரு வளைவில் நாலு கோடு, அடுத்த வளைவில் மலை மறைத்து ஒன்றும் இல்லை. அந்தச் சுற்றும் வட்டத்தைப் பார்த்து ஐந்து பிள்ளைகள் சேர்ந்து கத்துவதை விட, படமே இல்லாமல் போவது நிம்மதி. போனில் டவுன்லோட் பண்ணியதை ஸ்டிக்குக்கு அனுப்பலாம் என்றும் நினைக்காதீர்கள், காசு கட்டும் ஆப்களில் அது போனோடு நிற்கும், திரையில் கறுப்புத்தான் வரும்.

பென்டிரைவ்தான் வழி. 64 ஜிபி ஒன்றை ஃபேட்32 முறையில் ஃபோர்மட் பண்ணி, ஸ்டிக்கில் விஎல்சி ஆப்பைப் போட்டு, வேனில் ஏறுவதற்கு முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்டதை விண்டோஸின் சாதாரண ஃபோர்மட் பெட்டி ஃபேட்32 ஆக்க விடாது என்றால் 32 ஜிபியே வாங்குங்கள், போதும். ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. தங்கச்சியின் கல்யாண வீடியோ 6 ஜிபி, ஏற்றவே முடியவில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 720பி தெளிவுக்குக் குறைத்து எம்பி4 ஆக்கியதும் சுருங்கி உட்கார்ந்தது. எங்கள் பென்டிரைவில் அந்தக் கல்யாணம், தோட்டத்தில் நாங்களே போனில் எடுத்த காமன் கூத்து, பெரியவளின் ஓ.எல். கணிதப் பாட வீடியோ, இவ்வளவும் இருக்கின்றன. கார்ட்டூனை விட அதிகமாக ஓடியது காமன் கூத்துதான். ரதி வேஷம் போட்டவர் வேனுக்குள்ளேயே இருந்தார், அதனால்.

எப்போது போடுவது

ஹட்டனில் ஏறியவுடன் திரையைப் போட்டுவிடாதீர்கள். வளைவில் உடம்பு திரும்புகிறது என்று காது சொல்லும், கண் முன்னால் இருக்கும் படம் அசையவில்லை என்று சொல்லும், இந்த இரண்டும் சண்டை பிடித்தால் முடிவு பொலித்தீன் பையில். முதல் பயணத்தில் நாவலப்பிட்டிக்கு முன்னால் இரண்டு பேர் வாந்தி, சீட் கழுவிய கதையை விட்டுவிடுகிறேன். இப்போது மாத்தளை தாண்டும் வரை பாட்டு மட்டும், திரை கறுப்பு. எலுமிச்சம்பழம் ஆளுக்கு ஒன்று கையில்.

திரும்பி வரும்போது மறுபக்கம், மாத்தளையில் அணைத்துவிடுவோம். இரவில் வேனை நிறுத்தும்போது ஸ்டிக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். கள்ளனுக்குப் பயந்து மட்டுமில்லை, நுவரெலியாப் பக்கம் போய்த் தங்கினால் காலையில் கண்ணாடி எல்லாம் உள்ளே வியர்த்திருக்கும், அந்த ஈரம் ஸ்டிக்குக்கும் ஏறும். மறந்து வேனிலேயே விட்டுவிட்டால் காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள். தம்புள்ளை வெயிலில் நிறுத்தும்போதும் கழற்றத்தான் வேண்டும். ரிமோட்டை ஒரு கயிற்றில் கட்டிச் சீட்டில் முடிந்து வையுங்கள். எங்கள் முதல் ரிமோட் எஞ்சின் மூடிக்கு அடியில் போய்விட்டது, எடுக்கச் சீட்டைத் தூக்க வேண்டி வந்தது, அன்றைக்குத்தான் அந்தக் கனெக்டரின் பிரயோசனம் தெரிந்தது.